முதியோர் இல்லமும் அரசாங்கத்தின் கண்ணும்

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் கையில் ஒரு பையுடன் கனடாவில் வந்திறங்கிய எம்மவர்கள் அன்று இருபது, முப்பது வயது இளைஞர்கள். இன்று அவர்களுக்கே பென்சன் எடுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் ஸ்பொன்சர் செய்து அழைத்த தாய் தந்தையரோ எண்பதையும் தொண்ணூறையும் தொட்டு நிற்கிறார்கள். பாரிசவாதம், ஞாபகமறதி நோய், இடுப்பெலும்பு முறிவு என்று ஏதோ ஒன்று வந்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத கட்டம் பல குடும்பங்களுக்கு வந்துவிட்டது. கணவனும் மனைவியும் இரண்டு ஷிப்ற் வேலை செய்தால்தான் மோட்கேஜ் கட்டலாம் என்ற வாழ்க்கையில், இரவு பகலாக ஆள் வேண்டிய ஒருவரை எத்தனை காலம் வீட்டில் வைத்திருக்க முடியும்? கடைசியில் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்டனிலோ உள்ள ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் எடுக்கிறோம்.

எடுத்த பிறகும் அதை வெளியில் சொல்வதில்லை. கோயிலில் யாராவது "அம்மா எங்கே?" என்று கேட்டால் "அண்ணா வீட்டில் நிற்கிறா" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். இல்லத்தில் விட்டது சரியா பிழையா என்ற வழக்கை நாம் இங்கு விசாரிக்கப் போவதில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தந்த வீட்டுக்காரர். நாம் கேட்கும் கேள்வி வேறு. மாலை எட்டு மணிக்கு நாம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? "கவர்மென்ற் பார்க்கும்" என்பதே எம்மில் அநேகரின் பதில். அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதை இம்முறை பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் இரண்டு வகை இல்லங்கள் உண்டு. 'ரிரயர்மென்ற் ஹோம்' என்பது வாடகை வீடு போன்றது. செலவு முழுவதும் அங்கு இருப்பவருடையது. அதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டமும் தனியான ஒரு கண்காணிப்பு அதிகார சபையும் உண்டு. 'லோங் ரேர்ம் கெயார் ஹோம்' எனப்படும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் வேறு. மாகாணத்தில் இவை 600க்கு மேல் உள்ளன. இலாபத்துக்காக நடத்தும் கம்பனிகளும், இலாப நோக்கற்ற சங்கங்களும், நகரசபைகளும் இவற்றை நடத்துகின்றன. தாதிப் பராமரிப்புக்கான பணத்தை மாகாண அரசாங்கம் கொடுக்கிறது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அங்கு இருப்பவர் மாதாமாதம் கட்டுகிறார். வருமானம் குறைந்தவருக்குச் சாதாரண அறைக்கு அந்தத் தொகை குறைக்கப்படும். இதற்கெல்லாம் பொறுப்பு நீண்டகாலப் பராமரிப்பு அமைச்சு.

இப்போது நடைமுறையில் உள்ள சட்டம் 2021இல் நிறைவேற்றப்பட்டு 2022 ஏப்ரல் 11 முதல் அமுலுக்கு வந்தது. அதில் இல்லத்தில் வாழ்வோருக்கான உரிமைப் பட்டயம் ஒன்று உண்டு. 29 உரிமைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. மரியாதையுடன் நடத்தப்படுவது, துன்புறுத்தப்படாமலும் கவனியாது விடப்படாமலும் இருப்பது, எந்த மருந்துக்கும் சம்மதம் தரவோ மறுக்கவோ முடிவது, பயமின்றிக் குறை சொல்வது, குடும்பத்தவரின் துணை தொடர்ந்து கிடைப்பது ஆகியவை அவற்றுட் சில.

இதைவிட நமக்கு உடனே பயன்படுவது சட்டத்தோடு சேர்ந்த ஒழுங்குவிதிகள்தான். கிழமைக்குக் குறைந்தது இரண்டு தடவை, அவர் விரும்பும் விதத்தில் குளிப்பாட்ட வேண்டும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லத்தின் வெப்பநிலை 22 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. இரவோ பகலோ ஒரு பதிவுபெற்ற தாதியாவது கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். சேர்ந்து ஆறு கிழமைக்குள்ளும், அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவையும், பராமரிப்பில் சம்பந்தப்பட்டவர்கள் குடும்பத்துடன் கூடிப் பேச வேண்டும்.

ஒருவருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்றொரு இலக்கையும் சட்டம் வைத்தது. 2025 மார்ச் 31க்குள் அதை எட்டவேண்டும் என்றது. ஆனால் அது மாகாணம் முழுவதற்குமான சராசரிக் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு இன்று நான்கு மணித்தியாலம் கிடைத்ததா என்று கேட்டால், அந்தக் கணக்கில் பதில் இராது.

பரிசோதகர் எப்படிப் பார்க்கிறார்?

அமைச்சின் பரிசோதகர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் இல்லத்துக்கு வரலாம். யாரைத் தடுத்தாலும் இவர்களைத் தடுக்க முடியாது. வந்தவர்கள் நடப்பதைப் பார்ப்பார்கள், கோவைகளைப் புரட்டுவார்கள், அங்கு இருப்போரிடமும் குடும்பத்தாரிடமும் ஊழியரிடமும் பேசுவார்கள். குற்றம் கண்டால் எழுத்தில் அறிவித்தல், இன்ன திகதிக்குள் திருத்து என்ற கட்டளை, நிர்வாகத் தண்டப்பணம், புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்துதல், கடைசியில் லைசென்சைப் பறித்தல் என்று படிப்படியாகப் போகலாம். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஒரு கம்பனிக்கு முதற் தடவை 5 இலட்சம் டொலர் வரை அபராதம் விதிக்கலாம். பரிசோதனை அறிக்கையை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இல்லம் வைக்க வேண்டும். அமைச்சும் அதைப் பகிரங்கமாக வெளியிடுகிறது.

கடதாசியில் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் இந்தக் கண் பல தடவை மூடியிருந்திருக்கிறது. மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, எலிசபெத் வெற்லோஃபர் என்ற தாதியின் வழக்கு. 2007க்கும் 2014க்கும் இடையில் வூட்ஸ்ரொக், லண்டன் நகரங்களில் உள்ள இல்லங்களில் எட்டு முதியவர்களை இன்சுலின் ஊசி ஏற்றி இவர் கொன்றார். இவ்வளவு காலமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருந்துத் தவறு ஒன்றுக்காக 2014இல் ஓர் இல்லம் இவரை வேலையால் நிறுத்தியது. அதன்பின் இன்னொரு இல்லத்தில் வேலை கிடைத்தது. எட்டாவது கொலை அங்கேதான் நடந்தது. 2016இல் இவர் தானாகவே வாய் திறந்து சொன்னபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2017இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி எய்லீன் கிலீஸ் நடத்திய பகிரங்க விசாரணை, 2019 ஜூலையில் 91 சிபாரிசுகளைச் செய்தது. அவராக ஒப்புக்கொண்டிராவிட்டால் இந்தக் குற்றங்கள் வெளியில் வந்திருக்காது என்பது அந்த விசாரணையின் முடிவு. முதியவர் ஒருவர் இறந்தால் "வயது போய்விட்டது" என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் இடத்தில், ஒரு கொலைகாரி ஒளிந்திருப்பது இலேசாகிவிட்டது.

இரண்டாவது, பரிசோதனையின் முறை மாறியது. ஒவ்வோர் இல்லத்தையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதிக்க வேண்டும் என்று பழைய சட்டமும் சொன்னது. இல்லம் முழுவதையும் ஆராயும் விரிவான பரிசோதனை ஒன்றும் இருந்தது. 2018 இலையுதிர் காலத்தோடு அந்த விரிவான பரிசோதனை பெரும்பாலும் கைவிடப்பட்டது. முறைப்பாடு வந்தால், அல்லது ஏதும் அசம்பாவிதம் அறிவிக்கப்பட்டால் போய்ப் பார்ப்பது என்றாயிற்று. அப்படிப் போனதையே வருடாந்தப் பரிசோதனையாகக் கணக்கில் எழுதினார்கள். ஆகவே முறைப்பாடு வராத இல்லம் நல்ல இல்லம் என்றாகிவிட்டது.

மூன்றாவது, 2020. கொரோனா முதல் அலையில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்கு அனுப்பப்பட்ட கனடிய இராணுவத்தினர் தாம் கண்டதை எழுதினார்கள். அது மே மாதம் வெளியானது. கரப்பான்பூச்சிகள், கிழமைக் கணக்காகக் குளிப்பாட்டப்படாதவர்கள், மாற்றப்படாத பம்பர்ஸ், உதவி கேட்டுக் கத்தியும் ஆள் வராதவர்கள் என்று அந்த அறிக்கை நீண்டது. அந்தப் பயங்கரக் காலத்தில் ஏழு கிழமைகள் பரிசோதகர்கள் இல்லங்களுக்குள் காலடி வைக்கவில்லை என்பதை மாகாணக் குறைகேள் அதிகாரி 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. குடும்பத்தாருக்கும் கதவு பூட்டியிருந்தது. அதை விசாரித்த ஆணைக்குழு 2021 ஏப்ரலில் அறிக்கை தந்தபோது, ஒன்ராறியோ இல்லங்களில் கிட்டத்தட்ட 4,000 பேர் கொரோனாவால் இறந்திருந்தார்கள். அவர்களுக்குள் எம்மவரின் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருந்தார்கள். கண்ணாடி யன்னலுக்கு வெளியே நின்று கையசைத்து விடைகொடுத்த பிள்ளைகள் இந்தப் பத்தியை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

அதன்பின் அரசாங்கம் பரிசோதகர் தொகையை இரட்டிப்பாக்குவதாக 2021 ஒக்டோபரில் அறிவித்தது. முறைப்பாட்டுக்குக் காத்திராமல் போய்ப் பார்க்கும் பரிசோதனையும் அந்த வருடக் கடைசியில் மீண்டும் தொடங்கியது. இவை நல்ல மாற்றங்கள். ஆனாலும் ஒரு பரிசோதகர் வருடத்தில் சில நாட்கள்தான் ஓர் இல்லத்தில் நிற்பார். மற்ற நாட்களைப் பற்றி அவருக்குத் தெரிவதெல்லாம், யாரோ எழுதி வைத்ததும் யாரோ சொன்னதுமே.

எமது முதியவர்களின் வாய்

இங்கேதான் எமது பிரச்சினை தொடங்குகிறது. ஆங்கிலம் தெரிந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி பரிசோதகர் வந்து பக்கத்தில் இருந்தால், நேற்று இரவு மணி அடித்தும் யாரும் வரவில்லை என்று சொல்லிவிடுவார். எமது அம்மாவுக்கு "யேஸ்", "நோ", "தாங்க்யூ" மூன்றும்தான் தெரியும். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவார். அது குறையில்லை என்று பதியப்பட்டுவிடும். மறதி நோய் வந்தவர் இடையில் கற்ற சொற்ப ஆங்கிலத்தையும் முதலில் இழந்துவிடுகிறார். "நோகுது", "தண்ணி விடாய்க்குது", "ஒண்டுக்குப் போகவேணும்" என்று அவர் தமிழில் கத்துவது, விளங்காதவர் காதில் வெறும் சத்தம். சத்தம் போடுபவருக்கு 'நடத்தைப் பிரச்சினை' என்று கோவையில் எழுதப்படலாம். அதிலிருந்து நித்திரை மருந்துக்கு அதிக தூரம் இல்லை.

இதற்கும் விதி இருக்கிறது என்பதைப் பலர் அறியார். இல்லத்தில் பேசப்படும் மொழியில் பேச முடியாதவர்களின் தேவைகளைக் கவனிக்க வழிமுறைகளை வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஒழுங்குவிதி இல்லத்துக்குக் கட்டளையிடுகிறது. கட்டிலுக்கு மேலே தமிழும் ஆங்கிலமும் எழுதிய ஒரு பத்துச் சொல் அட்டை, தமிழ் தெரிந்த ஊழியரை அந்தப் பகுதிக்குப் போடுவது, தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் என்று எதுவாகவும் இருக்கலாம். "என் அம்மாவுக்கு நீங்கள் வகுத்த வழிமுறை என்ன? பராமரிப்புத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நாம் கேட்பதில்லை. ஏன்?

"சும்மா பார்க்கிறாங்கள், குறை சொல்லலாமோ?" என்பது ஒரு காரணம். சும்மா இல்லை. அம்மா தன் பென்சனில் மாதாமாதம் கட்டுகிறார். மிச்சத்தை நாம் கட்டிய வரியிலிருந்து அரசாங்கம் கொடுக்கிறது. "சொன்னால் அம்மாவில்தான் காட்டுவாங்கள்" என்பது இரண்டாவது. இது உண்மையான பயம். அதை நாம் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் முறைப்பாட்டுக்காக ஒருவரை வெளியேற்றுவதோ, வெளியேற்றுவோம் என்று பயமுறுத்துவதோ, வேறுபாடு காட்டுவதோ சட்டத்தால் நேரடியாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. குடும்பத்தாரைப் பயமுறுத்துவதும் அப்படியே. மூன்றாவது காரணத்தை நாம் வெளியில் சொல்வதில்லை. ஊரில் பெட்டிசம் எழுதியவனின் பெயர் எந்தக் கந்தோரில் எந்தக் கோவைக்குள் போய்ச் சேரும் என்று தெரியாமல் வாழ்ந்தவர்கள் நாம். அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதக் கை கூசுகிறது. அந்தக் கூச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இங்கு அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பது கட்டிலில் கிடப்பவர்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இந்த இல்லங்களில் உடம்பை முறித்து வேலை செய்பவர்களில் எமது பெண்களும் கணிசமானோர். பீ.எஸ்.டபிள்யூ படித்து, இரண்டு இல்லங்களில் ஓடி ஓடி உழைக்கிறார்கள். ஓர் ஆள் தலையில் பத்துப் பேரைப் போட்டுவிட்டு ஏன் குளிப்பாட்டவில்லை என்று அவரைத் திட்டுவது நீதியாகாது. முறைப்பாடு எழுதும்போது ஆளைக் குறிவைக்காமல், ஆள் போதாமையை எழுதுங்கள். ஊழியச் சகோதரிகளுக்கும் ஒரு சொல். துன்புறுத்தலையோ கவனியாது விடுதலையோ சந்தேகிக்க நியாயமான காரணம் கண்டால் அமைச்சுக்கு உடனே அறிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. அறிவித்ததற்காக உங்களைப் பழிவாங்கவும் கூடாது.

செய்ய வேண்டியவை

ஒரு கொப்பி வாங்குங்கள். போகும் நாளெல்லாம் திகதி, நேரம், கண்டது, யாரிடம் சொன்னோம், என்ன பதில் என்று இரண்டு வரி எழுதுங்கள். குதிக்கால், இடுப்பு, நாரி ஆகிய இடங்களைப் பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். சிவந்திருந்தால் அன்றே தாதிக்குக் காட்டுங்கள். நிறை குறைகிறதா, மருந்து மாறியதா, ஏன் மாறியது என்று கேளுங்கள். பிள்ளைகள் பலர் இருந்தால் ஆளுக்கொரு நாளாக, வேறு வேறு நேரத்தில் போங்கள். ஞாயிறு பின்னேரம் எல்லோரும் சேர்ந்து போவதைவிட அது பயன் தரும். அம்மாவுக்காகத் தீர்மானம் எடுப்பவர் யார் என்று கோவையில் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சகோதரங்களுக்குள் இழுபறி இருந்தால் இல்லத்துக்கு அது வசதி.

குறை இருந்தால் முதலில் தாதியிடம் சொல்லுங்கள். திருந்தாவிட்டால் இல்லத்தின் நிர்வாகிக்கு எழுதுங்கள். ஆங்கிலம் பிழைபட்டாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்க வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உடலுக்குத் தீங்கு நேர்ந்ததாக நீங்கள் எழுதினால் விசாரணையை உடனே தொடங்க வேண்டும். தீங்கு நேர்ந்ததாகவோ நேரும் ஆபத்து இருப்பதாகவோ சொல்லும் எழுத்து முறைப்பாட்டை இல்லம் அமைச்சுக்கும் அனுப்பியாக வேண்டும். வாயால் சொன்னதை அப்படி அனுப்பும் கட்டாயம் இல்லை. எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

நேரடியாக அமைச்சுக்குச் சொல்வதானால் 1-866-434-0144 என்ற இலவச இலக்கம் உண்டு. பெயர் சொல்லாமலும் முறையிடலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் 'பேஷன்ற் ஒம்புட்ஸ்மன்' என்ற நோயாளர் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அமைச்சே தன் வேலையைச் செய்யவில்லை என்றால் அதை விசாரிக்க மாகாணக் குறைகேள் அதிகாரி இருக்கிறார்.

தனியாகப் பேசப் பயமென்றால் சேர்ந்து பேசலாம். ஒவ்வோர் இல்லத்திலும் குடும்பங்களின் சபை ஒன்றை அமைக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஒரு குடும்பம் கேட்டாலே 30 நாட்களுக்குள் அதை அமைக்க இல்லம் உதவ வேண்டும். ஸ்காபரோவில் ஒரே இல்லத்தில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடங்கள் உண்டு. லிஃப்ருக்குள் ஒருவரையொருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், வெட்கத்தால். அந்த ஆறு வீட்டாரும் ஒரு சனிக்கிழமை கூடியிருந்து தேநீர் குடித்தால், கிழமையில் ஆறு நாளும் அந்தத் தளத்தில் தமிழ் பேசும் ஒருவர் நிற்பதற்கு முறை வகுத்துவிடலாம். மற்றவரின் அம்மா "தண்ணி" என்று கேட்டாலும் விளங்க ஓர் ஆள் இருக்கும்.

அடுத்த முறை இல்லத்துக்குப் போகும்போது வாசலில் உள்ள அறிவித்தற் பலகைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைசிப் பரிசோதனை அறிக்கை அங்கேதான் இருக்க வேண்டும். திகதியைப் பாருங்கள், என்ன குற்றம் கண்டார்கள் என்று வாசியுங்கள், விளங்காவிட்டால் இங்கு படிக்கும் பேரப்பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். அறிக்கை அங்கு இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள். கண்டதை எமக்கும் எழுதி அனுப்புங்கள். இல்லத்தின் பெயரோ உங்கள் பெயரோ போட மாட்டோம். மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும் விடயங்களை வரும் இதழ்களில் தருவோம்.